மூன்று பூட்டுப் பெட்டி: ஊர்ச் சேமிப்புக் குழுத் தொகுப்பை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஊர் வேலையை ஊர் மக்களே முன்னின்று நடத்த வேண்டும் என்று எல்லா வளர்ச்சி நிறுவனங்களும் சொல்கின்றன. கிணறு தூர்வாருவதோ கைப்பம்பைப் பழுதுபார்ப்பதோ பள்ளிக்கு ஒரு கூரை போடுவதோ, எதை எடுத்தாலும் வேலை தெரிந்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். சிக்கல் வருவது பணத்தில்தான். யார் கையில் இருப்பது, யார் எண்ணுவது, எதில் எழுதுவது, எழுதியதை யார் சரிபார்ப்பது என்ற நாலு கேள்விக்குப் பதில் இல்லாமல் உடைந்த குழுக்கள் ஏராளம்.

இந்த நாலு கேள்விக்கும் பதிலாக அமைந்த பொருள்தான் வி.எஸ்.எல்.ஏ. பெட்டி. கிராமச் சேமிப்பு, கடன் சங்கம் என்று பொருள்: உறுப்பினர்கள் கூட்டம்தோறும் சேமித்து, அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்து, ஆண்டுக் கடைசியில் பிரித்துக்கொள்ளும் குழு. 1991-இல் நைஜர் நாட்டின் மராடி பகுதியில் கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு நிறுவனம் பெண்கள் குழுக்களோடு தொடங்கிய முறை இது. அங்கிருந்து ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி, ஆசியாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போனது. பெட்டியைத் தொகுப்பாகவும் வாங்கலாம், உள்ளூர்ப் பட்டறையில் செய்துகொள்ளவும் முடியும். எது நல்லது என்பது உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பொருட்களைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊர் தானே நடத்தும் எந்த வேலைக்கும் இதைவிட நல்ல தொடக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் வெளியார் பணம் இந்தப் பெட்டியின் கடன் பணத்தோடு கலக்காதவரைதான் அது வேலை செய்யும்.

தொகுப்பில் என்னென்ன

மூன்று நாதாங்கி வைத்த இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்புக், ரப்பர் முத்திரை, மை அட்டை, அதற்கு ஒரு குப்பி மை, அடிக்கோல், இரு நிறப் பேனாக்கள், கால்குலேட்டர், பணம் எண்ண இரண்டு பிளாஸ்டிக் கிண்ணம், அபராதத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம், இரு நிறத்தில் இரண்டு சுருக்குப் பை, உறுப்பினர் எண் அட்டைகள். குழு 15 முதல் 25 பேர் வரை இருக்கும் என்ற கணக்கில் இவை வரும். சிலர் பேரேடு ஒன்றையும் சேர்த்துத் தருகிறார்கள். அது தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

பெட்டியும் பூட்டும்

பெட்டியின் மூடியை நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்வாங்கினால் வேண்டாம். பிறகு கீலைப் பாருங்கள். கீல் ஊசி வெளியே தெரிந்தால், அதை ஓர் ஆணியால் தட்டி எடுத்துவிட்டு மூடியைப் பின்பக்கமாகத் திறந்துவிடலாம். முன்னால் எத்தனை பூட்டு தொங்கினாலும் பயனில்லை. கீல் உள்பக்கம் இருக்க வேண்டும், அல்லது ஊசியின் இரு முனையும் வெல்டு வைத்து அடைத்திருக்க வேண்டும். நாதாங்கியும் அப்படித்தான். ரிவெட் அடித்த நாதாங்கியை ஒரு திருப்புளியால் நெம்பிவிடலாம். சுற்றிலும் வெல்டிங் பிடித்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 25 பாஸ்புக், முத்திரை, மை அட்டை, இரண்டு பணப்பை எல்லாம் அடங்கினால் போதும். கிண்ணங்கள் வெளியே ஒரு துணிப்பையில் போகட்டும். கிண்ணத்தையும் உள்ளே வைக்க வேண்டும் என்று பெரிய பெட்டி செய்தால், ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. உள்பக்கமும் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வெறும் தகடு. ஒரு மழைக்காலம் போதும், துரு பாஸ்புக்கில் ஒட்டிக்கொள்ளும்.

பூட்டில்தான் அதிகம் ஏமாற்றம். மலிவான பூட்டுகளை ஒரே கட்டாக வாங்கினால், ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறப்பது சாதாரணமாக நடக்கும். மூன்று பூட்டின் பொருளே அதோடு போயிற்று. பெட்டி கைக்கு வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பாருங்கள். ஒன்பது தடவை சாவி போட்டால் மூன்று தடவைதான் திறக்க வேண்டும். வேறு வேறு நிறுவனத்தின் பூட்டுகளை வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. ஒவ்வொரு பூட்டோடும் வரும் இரண்டாவது சாவியை யாரும் யோசிப்பதில்லை. அவற்றைத் தனித்தனி உறையில் போட்டு, ஒட்டி, உறுப்பினர்கள் கைரேகை வைத்து, குழுவுக்கு வெளியே ஊர் நம்பும் ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். சாவிக்காரரிடமே இரண்டும் இருந்தால் ஒன்று தொலைந்தது யாருக்கும் தெரியாது.

சாவிக்காரர் மூவரில் யாரும் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது. நிர்வாகக் குழு என்பது ஐந்து பேர்: தலைவர், கணக்கு எழுதுபவர், பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர், பணம் எண்ணும் இருவர். பெட்டி வைத்திருப்பவரிடம் எந்தச் சாவியும் இருக்காது. சாவிக்காரர்கள் அவருக்கு உறவாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. சின்ன ஊரில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம்தான் என்றாலும், ஒரே வீட்டுக்குள் பெட்டியும் சாவியும் சேரக் கூடாது.

பாஸ்புக்கும் முத்திரையும்

தொகுப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. குழு ஒரு பங்கின் விலையை முதலிலேயே தீர்மானிக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் உறுப்பினர் குறைந்தது ஒன்று, கூடினால் ஐந்து பங்கு வாங்கலாம். பாஸ்புக்கில் ஒரு கூட்டத்துக்கு ஒரு வரிசை. வரிசைக்கு ஐந்து கட்டம். மூன்று பங்கு வாங்கினால் மூன்று கட்டத்தில் முத்திரை. மீதி இரண்டு கட்டத்தைப் பேனாவால் கோடிட்டு அடித்துவிட வேண்டும். இந்தக் கோட்டைச் சோம்பலால் விட்டுவிடுகிற குழுவில்தான் பின்னால் யாரோ காலிக் கட்டத்தில் முத்திரை குத்துகிறார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் முத்திரைகளை எண்ணிப் பார்த்துத் தன் சேமிப்பைச் சொல்லிவிடுவார். பேரேடு வேண்டாம் என்று சொல்வதன் காரணமும் இதுவே. பேரேட்டைப் படிக்கத் தெரிந்தவர் குழுவில் ஓரிருவர்தான் இருப்பார்கள். பேரேடு வந்ததும் உண்மை அதற்குள் போய்விடுகிறது. பாஸ்புக் வெறும் நகலாகிவிடுகிறது. பிறகு எந்தச் சந்தேகத்துக்கும் அந்த ஓரிருவர் வாயைத்தான் பார்க்க வேண்டும். குழுவுக்கு ஒரு நோட்டு போதும். கூட்டம் முடிந்ததும் கடன் நிதியில் (பங்குப் பணம் சேர்ந்து கடனாகப் போவது) எவ்வளவு, நல நிதியில் (நோய், சாவு போன்றவற்றுக்கு உதவ வைப்பது) எவ்வளவு என்ற இரண்டு தொகையை மட்டும் அதில் எழுதினால் சரி.

பாஸ்புக் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். அட்டையில் பெயருக்குப் பதில் பெரிய எழுத்தில் உறுப்பினர் எண் இருக்க வேண்டும். கூட்டத்தில் எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தாள் மையை உறிஞ்சிப் பின்பக்கம் ஊறவிடக் கூடாது. ஒரு பக்கத்தில் ஐந்து முத்திரை குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கடனுக்குப் பின்பக்கத்தில் தனிப்பகுதி வேண்டும்: வாங்கிய தொகை, வட்டி, கட்டியது, பாக்கி, கைநாட்டு. இந்தப் பகுதி இல்லாமல் விற்கும் பாஸ்புக்குகளும் உண்டு. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

முத்திரையின் வடிவம் குழுவுக்குக் குழு வேறாக இருக்க வேண்டும். ஓர் ஊரில் ஆறு குழு, ஆறுக்கும் ஒரே பூ முத்திரை என்றால் ஒரு குழுவின் முத்திரையை இன்னொரு குழுவின் பாஸ்புக்கில் குத்த முடியும். மொத்தமாக விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் அனுப்புவார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே மீன், சாவி, இலை, பறவை என்று தனித்தனியாகக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால் முத்திரையை மட்டும் பக்கத்து டவுனில் செய்துகொள்ளலாம். மை அட்டை வெயிலில் காய்ந்துபோகும். குப்பி மை சேர்ந்தே வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். மை ஊற்றும்போது நாலைந்து சொட்டுக்கு மேல் வேண்டாம், முத்திரை அப்பிவிடும். அப்பிய முத்திரை இரண்டாவது மாதமே சண்டையைக் கொண்டுவரும்.

கூட்டம் முடிந்ததும் முத்திரையும் எல்லா பாஸ்புக்கும் பெட்டிக்குள்ளேயே போக வேண்டும். பாஸ்புக்கை வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கொடுக்கத் தொடங்கினால் கிழிந்தது, நனைந்தது, குழந்தை கிறுக்கியது என்று வரும். பெட்டியில் இருக்கும் பாஸ்புக்கை யாரும் தனியாகத் திருத்த முடியாது.

ஒரு கூட்டம் எப்படி நடக்கும்

உறுப்பினர்கள் எண் வரிசையில் குதிரை லாட வடிவில் உட்காருவார்கள். திறந்த பக்கத்தில் நிர்வாகக் குழு, நடுவில் பெட்டி. சாவிக்காரர் மூவரையும் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார் தலைவர். முதலில் நல நிதிப் பை. போன கூட்டத்தில் இதில் எவ்வளவு வைத்தோம் என்று உறுப்பினர்களைக் கேட்பார். அவர்கள் சொல்ல வேண்டும். பணம் எண்ணுபவர்கள் பையைக் கிண்ணத்தில் கொட்டி, உரக்க எண்ணுவார்கள். தொகை ஒத்துப்போனால் மேலே போகலாம். ஒவ்வொருவரும் நல நிதிக்கு ஒரே அளவு தொகை போடுவார்கள். நோய், சாவு, விபத்து என்று உதவி கேட்பவர் இருந்தால் அப்போதே கேட்பார், குழு அப்போதே முடிவெடுக்கும். பையைக் கட்டி வைத்த பிறகுதான் கடன் நிதிப் பை வெளியே வரும். இரண்டு பையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. பையின் நிறம் வேறாக இருப்பது இதற்காகத்தான்.

பிறகு எண் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் எழுந்து வந்து பங்குப் பணத்தைக் கிண்ணத்தில் போடுவார். எண்ணுபவர் பங்கின் எண்ணிக்கையை உரக்கச் சொல்வார், கணக்கு எழுதுபவர் முத்திரை குத்துவார், உறுப்பினர் பாஸ்புக்கைப் பார்த்து எண்ணி ஒப்புக்கொண்டு திரும்புவார். அடுத்து கடன் திருப்பிக் கட்டுதல், பிறகு புதுக் கடன். பொதுவாக முதல் மூன்று மாதம் சேமிப்பு மட்டும்தான். அதன்பின் நாலு வாரத்துக்கு ஒருமுறை கடன் கூட்டம். ஒருவர் தன் சேமிப்பைப் போல மூன்று மடங்கு வரை கேட்கலாம். எல்லோர் கேட்பும் சேர்ந்து கையிருப்பைத் தாண்டினால், அங்கேயே பேசிக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பேச்சு கூட்டத்தை நீட்டும். நீளட்டும், அவசரப்படுத்தக் கூடாது. எதை முதலில் செய்வது என்று பின்னால் ஊர் வேலைக்கு முடிவெடுக்கப் போகிறவர்களும் இதே ஆட்கள்தான்.

கடைசியில் இரண்டு நிதியின் இருப்பையும் எண்ணி, தலைவர் உரக்கச் சொல்ல, எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்வார்கள். குழு பெரிதாக இருந்தால் ஒரு பாதியினர் ஒரு தொகையையும் மறுபாதியினர் இன்னொரு தொகையையும் நினைவில் வைப்பது எளிது. மறந்தால் சின்ன அபராதம். தாமதத்துக்கும் அபராதம் உண்டு. அபராதம் சின்னதாகவே இருக்கட்டும். பெரிதாக வைத்த குழுக்களில் தாமதமானவர் கூட்டத்துக்கே வராமல் போய்விடுகிறார்.

ஆண்டுக் கடைசியில் பிரிப்பது

மகளிர் சுயஉதவிக் குழுவில் பழகியவர்களுக்கு இந்த இடம் புதிதாக இருக்கும். அங்கே சேமிப்பு ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும், அதைக் காட்டி வங்கிக் கடன் கிடைக்கும். இங்கே 9 முதல் 12 மாதத்தில் எல்லாக் கடனையும் திரும்ப வாங்கி, கடன் நிதி முழுவதையும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சுற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

கணக்கு எளிது. 20 பேர் குழு, பங்கு ஒன்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுக் காசானாலும் கணக்கு ஒன்றுதான். ஆண்டு முழுக்க எல்லோரும் சேர்ந்து வாங்கியது 2,400 பங்கு. அதாவது 24,000. வட்டியும் அபராதமும் சேர்த்து 3,600 வந்திருக்கிறது. மொத்தம் 27,600. இதை 2,400-ஆல் வகுத்தால் பங்குக்கு 11.50. பாஸ்புக்கில் 150 முத்திரை உள்ளவருக்கு 1,725. 60 முத்திரை உள்ளவருக்கு 690. யாராவது கடனைக் கட்டி முடிக்கவில்லை என்றால் பாக்கியை அவருடைய பங்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். வகுத்து மீந்த சில்லறையை அடுத்த சுற்றின் நல நிதியில் போடலாம். பிரித்து முடித்ததும் பாஸ்புக்கின் பழைய பக்கத்தின் குறுக்கே பெரிய கோடு.

வட்டியைக் குழுவே தீர்மானிக்கும். மாதம் 5 முதல் 10 சதவீதம் வைக்கும் குழுக்கள் நிறைய. கேட்க அதிகம்போல் இருக்கும். ஆனால் அந்த வட்டி உறுப்பினர்களுக்கே திரும்பி வருகிறது. என்றாலும் கடன் வாங்காமல் சேமிக்க மட்டும் செய்பவருக்குத்தான் அதில் லாபம் அதிகம் என்பதைக் குழு தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

பிரிக்காமல் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டலாமே என்று தோன்றும். தொகை பெருகப் பெருகக் கணக்குச் சிக்கலாகும், பழைய கடன்கள் மறைந்துகொள்ளும், பெட்டி திருடப்படும் ஆபத்தும் கூடும். பிரித்துக் கையில் கொடுத்த அந்த நாள்தான் சந்தேகப்பட்டவர்கள் நம்பத் தொடங்கும் நாள். விதைப்புக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ கொஞ்சம் முன்னால் அது வரும்படி சுற்றின் தொடக்கத்தை அமைத்துக்கொள்வது நல்லது. பிரிப்பதற்கு முந்தைய சில வாரங்களில் கடன் எல்லாம் திரும்பிவிட்டதால் பெட்டி நிறைந்திருக்கும். வங்கி பக்கத்தில் இருந்தால் அந்த வாரங்களுக்கு மட்டும் அங்கே போட்டுவைக்கலாம். கைபேசிப் பணம் புழங்கும் இடங்களில் ரகசிய எண்ணை மூவர் பகுதி பகுதியாக வைத்திருக்கும் குழுக் கணக்கு உண்டு. மூன்று பூட்டு முறை அப்படியே அதிலும் வருகிறது.

விலைவாசி வேகமாக ஏறும் நாட்டில் இந்த முறை திணறும். பங்கு விலையைச் சுற்றின் நடுவில் மாற்ற முடியாது. மாற்றினால் முத்திரைக் கணக்கு குலைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் சுற்றை ஆறு மாதமாகச் சுருக்குவதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ஊர் வேலைக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது

நாலைந்து மாதம் ஒழுங்காகக் கூடிய குழு தானாகவே ஊர் வேலையைப் பேசத் தொடங்கும். பம்பு பழுது, பாலம் உடைந்தது, பாதையில் தண்ணீர். அப்போது செய்யக் கூடாத ஒன்று, அந்த வேலைக்கான பணத்தைக் கடன் நிதிப் பையில் போடுவது. ஆண்டு முடிவில் அந்தப் பை முழுவதும் பிரிந்துவிடும். ஊர்ப் பணம் பங்கு வாங்கியவர்களின் பணமாகிவிடும், அதற்குப் பிறகு எத்தனை பஞ்சாயத்து வைத்தாலும் அதைத் தனியாக மீட்டெடுக்க முடியாது. மூன்றாவது நிறத்தில் ஒரு சுருக்குப் பை, அதற்குத் தனி நோட்டு. தொகுப்பில் இது வராது. நீங்களே தைத்துக்கொள்ள வேண்டும். எங்களைக் கேட்டால், விற்பவர்கள் முதலில் சேர்க்க வேண்டிய பொருள் இதுதான்.

கைப்பம்பை எடுத்துக்கொள்வோம். தேய்ந்த வாஷர், சீல், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,600 ஆகும் என்று மதிப்பிட்டால், 40 வீடு உள்ள ஊரில் வீட்டுக்கு 90, மாதம் 7.50. மாதம் 7.50 என்று வசூல் வைத்த ஊரில் பணம் போதாது, ஏனென்றால் எல்லா வீடும் எல்லா மாதமும் தராது. மாதம் 10 வையுங்கள். நாலில் ஒரு வீடு தராவிட்டாலும் 3,600 வந்துவிடும். எல்லோரும் தந்தால் 4,800 வரும், மிச்சம் 1,200 பெரிய பழுதுக்கு நிற்கும். பம்பு உடைந்த பிறகு வசூலிக்கப் போனால் பாதிப் பேர் வேறு தண்ணீருக்குப் போயிருப்பார்கள், யாரும் தர மாட்டார்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே வசூலிக்க வேண்டும்.

உழைப்பாகவும் பொருளாகவும் வருவதையும் அந்த நோட்டில் எழுதுங்கள். இத்தனை பேர் இத்தனை நாள் மண் வெட்டினார்கள், இவர் மரம் தந்தார் என்று. இதற்கு ஒரு நாள் கூலிக் கணக்கு வைத்துத் தொகையாகவும் மாற்றிக்கொள்ளலாம். வெளியிலிருந்து உதவி கேட்கும்போது ஊரின் பங்கு எவ்வளவு என்று காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரு குழு என்பது 25 பேர். ஊர் அல்ல. குழுவில் சேர முடியாத அளவுக்கு ஏழையாக இருப்பவர்கள், மாதத்தில் பாதி நாள் வேலை தேடி வெளியே போகிறவர்கள் வாரக் கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அதனால் எந்த வேலை முதலில் என்ற முடிவை ஊர்க் கூட்டத்தில் எடுக்க வேண்டும். பணத்தை வைத்திருப்பதும் எண்ணிக் காட்டுவதும் மட்டும் குழுவின் பொறுப்பு. இந்த எல்லையை மீறிய இடங்களில், சேமிக்க முடிந்தவர்களின் தெருவுக்கே பாதையும் விளக்கும் முதலில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

உதவ வருபவர்களுக்கு

பயிற்சி கொடுப்பவர் பணத்தைத் தொடக் கூடாது, பாஸ்புக்கில் எழுதக் கூடாது, முத்திரை குத்தக் கூடாது. கணக்கு எழுதுபவர் தடுமாறும்போது பேனாவை வாங்கி எழுதிக் காட்டத் தோன்றும். அன்று வேலை சீக்கிரம் முடியும். அடுத்த வாரமும் பேனா அவரிடம்தான் வரும். முதல் மூன்று மாதம் எல்லாக் கூட்டத்துக்கும் வாருங்கள், பின்னால் போய் உட்காருங்கள். அதன்பின் மெல்ல மெல்லக் குறைத்து, முதல் பிரிப்பு முடிந்ததும் விலகுங்கள்.

பெட்டியை இலவசமாகக் கொடுக்க வேண்டாம். குழு தவணையில் விலை கட்டட்டும். இலவசப் பெட்டிக்காக உருவான குழு பெட்டி வந்ததும் கலைந்துபோகும். பெட்டி மட்டும் யாரோ ஒருவர் வீட்டில் துணி வைக்கப் பயன்படும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, நன்றாக நடக்கும் குழுவைப் பார்த்து மகிழ்ந்து கடன் நிதியில் வெளிப்பணத்தைச் சேர்ப்பது. சொந்தச் சேமிப்பிலிருந்து வந்த கடனைத் திருப்பிக் கட்டாதவர் எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருடைய பணத்தையும் வைத்திருக்கிறார்; அது அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். நிறுவனத்தின் பணம் கலந்ததும் அந்த உணர்வு போய்விடுகிறது. திருப்பிக் கட்டாமல் விடுவது யாருக்கும் நஷ்டமாகத் தெரியாது. முதலில் வெளிப்பணம் வராமல் போகும், பின்னாலேயே உள்பணமும் வராமல் போகும். ஊருக்கு மானியம் தர வேண்டுமா? தாராளமாகத் தாருங்கள். மூன்றாவது பையில், ஊர்க் கூட்டம் தீர்மானித்த ஒரு வேலைக்கு, ஊர் தன் பங்கைச் சேர்த்துக் காட்டிய பிறகு.

கைபேசிச் செயலிகள்

டிரீம்சேவ், கேர் உருவாக்கிய சொமோக்கா போன்ற செயலிகள் இதே முறையைக் கைபேசியில் கொண்டுவருகின்றன. வட்டி, பங்கு மதிப்பு எல்லாம் தானாகவே கணக்காகும், பிரிக்கும் நாளில் நேரம் மிச்சமாகும். ஆனால் திரையை ஒருவர்தான் பார்க்கிறார். பேரேட்டில் சொன்ன அதே சிக்கல் இங்கும் வரும். முதல் சுற்றை முழுவதும் பெட்டி, பாஸ்புக், முத்திரையோடு நடத்துங்கள். இரண்டாம் சுற்றில் செயலியைச் சேர்த்தால், அது தவறாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க 20 பேர் இருப்பார்கள். முத்திரையை மட்டும் எப்போதும் விடாதீர்கள்.

எதிர்பார்ப்பு எவ்வளவு வைக்கலாம்

டீன் கார்லன் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் கானா, மலாவி, உகாண்டா மூன்று நாடுகளிலும் இந்தக் குழுக்களைச் சீரற்ற தேர்வு முறையில், அதாவது குழு தொடங்கும் இடங்களைக் குலுக்கல்போல் தேர்ந்து மற்ற இடங்களோடு ஒப்பிட்டு, ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சேமிப்பும் கடன் வசதியும் கூடின, வீட்டுத் தொழில்கள் வளர்ந்தன, பெண்களின் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது. சராசரி வீட்டுச் செலவில், அதாவது மக்கள் உண்பதிலும் உடுத்துவதிலும், தெரியும்படியான மாற்றம் இல்லை. வறுமையை ஒழிக்கும் பெட்டி என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். பணத்தைக் கூட்டாகக் கையாளப் பழக்கும் கருவியாக வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

ஆர்டர் கொடுக்கும்போது

பாஸ்புக் ஒரு சுற்றோடு தீர்ந்துவிடும். இரண்டாவது சுற்றுக்குப் புது பாஸ்புக் எங்கே கிடைக்கும் என்று முதல் நாளே கேளுங்கள். தூரத்து நகரத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்றால், அச்சுக்கான பக்க மாதிரியை விற்பவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; எந்தச் சின்ன அச்சகத்திலும் அச்சிடலாம். கட்ட வரிசை, எண்ணிடும் இடம், கடன் பகுதி மாறாமல் இருந்தால் சரி. 20 பேர் குழுவுக்கு 25 பாஸ்புக் வாங்குங்கள், நனைந்தோ பிழையாகவோ போவதற்காக. மை இரண்டு குப்பி. கால்குலேட்டர் சூரிய ஒளியில் இயங்குவதாக இருந்தால் பேட்டரிக்கு அலைய வேண்டாம். மூன்றாவது பைக்குத் துணியையும் அப்போதே வாங்கிவிடுங்கள், முதல் இரண்டு பையின் நிறத்தோடு மாலை வெளிச்சத்திலும் குழம்பாத நிறமாகப் பார்த்து.